அந்தரத்தில் தொங்கிய பூசணிக்காய்

சித்திரை மாத வெயிலில் நடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டுதான் நான் வேலைக்கு உட்காருகிறேன். சாத்தூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கோயிலுக்குள் போவது போல வெறுங்காலோடு போக வேண்டும். உள்ளே போனால் ஏசிக் குளிர், மார்கழி மாதிரி. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது, சூடும் ஆகாது. மனுஷிக்கு எது ஆகும், எது ஆகாது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. முதல் வாரம் பல் கிடுகிடுத்தது. இரண்டாம் வாரம் என் மகனின் பழைய ஸ்வெட்டரைக் கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு போனேன். நெஞ்சில் அவனுடைய பழைய கம்பெனியின் பெயர் தைத்திருக்கும். "இன்னா பாட்டி, அந்தக் கம்பெனியிலயும் உங்களுக்கு வேலையா?" என்று கூட வேலை பார்க்கிற மஞ்சுளா கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. பதில் எப்போதும் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் வரும். அப்படி வந்த பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நம் ஆட்களும் படிக்கட்டும், எங்களைப் போல வெளியே வந்து பிழைக்கிறவர்களும் படிக்கட்டும்.

என் பெயர் பேச்சியம்மாள். வயது அறுபத்திரண்டு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். ஓசூருக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. நான் வேலை பார்க்கிற இடம் ராயக்கோட்டை சாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. ரயில் போகிற வழியில் எதுவும் இடிக்குமா, இடிக்காதா என்று பார்த்துச் சொல்வதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. ஊரில் என் நாத்தனார் இதைக் கேட்டுவிட்டு, "ரயில்வே கேட்டு மூடுற வேலையா மதினி?" என்றாள். இல்லை. ஓசூரில் பக்கத்து வீட்டுக்காரி, "கம்ப்யூட்டர் ஆபீஸ்ல கூட்டிப் பெருக்கறீங்களா?" என்று கேட்டாள். அதுவும் இல்லை. இரண்டு ஊர்க்காரர்களும் என்னைப் பற்றி ஒரே மாதிரி நினைத்ததில்தான் எனக்குக் கோபம். கூட்டிப் பெருக்குவது கேவலம் என்று சொல்லவில்லை. நான் செய்வது அது இல்லை என்றுதான் சொல்கிறேன்.

வேலை இதுதான். ரயில் பாதையில் ஒரு தள்ளுவண்டி. அதன் மேல் ஒரு லேசர் கருவி. வண்டியைத் தள்ளிக்கொண்டே போவார்கள். கருவி சுற்றிச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசும். கதிர் எதில் பட்டுத் திரும்புகிறதோ அங்கே ஒரு புள்ளி. பாலத்துச் சுவர், பிளாட்பார விளிம்பு, சிக்னல் கம்பம், வேலியோரத்து வேப்பமரம், எல்லாம் புள்ளி. கம்ப்யூட்டரில் திறந்தால் ஊர் முழுக்கப் பவுடரைத் தூவி வைத்த மாதிரித் தெரியும். அப்புறம், ரயிலில் ஏற்றப்போகிற சுமையின் உருவத்தை அகலம் உயரத்தோடு டிசைன் சாஃப்ட்வேரில் வரைந்து, அந்தப் புள்ளிகளுக்கு நடுவே தண்டவாளத்தின் மேல் ஓட்டிப் பார்ப்பார்கள். இடிக்கிற இடம் சிவக்கும். நேர் பாதையில் கவலை இல்லை. வளைவில்தான் வம்பு. ஓசூர் பேருந்து நிலையத்தில் நீளமான பஸ் திரும்பும்போது கவனித்திருப்பீர்கள்: முன்பக்கம் ஒழுங்காகத் திரும்பிவிடும், பின்பக்கம் வெளியே தள்ளி ஓரமாக நிற்கிறவனின் கூடையைத் தட்டிவிடும். ரயிலில் போகிற நீளமான சுமையும் அப்படித்தான்.

சாஃப்ட்வேர் பார்த்த பிறகும் ஒரு மனுஷக் கண் தாளில் பார்க்க வேண்டும் என்று வேலை கொடுத்த பெங்களூர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்காக முதலில் டிப்ளமோ படித்த பையன்களை வைத்தாராம் முதலாளி நாகராஜ் சார். மூன்றாம் நாளே பார்க்காமல் டிக் அடிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். மஞ்சுளாவின் அம்மாவும் நானும் பனியன் கம்பெனியில் ஒரே மேஜையில் செக்கிங் பார்த்தவர்கள். அவள் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பாதையைப் பன் ரொட்டி போலத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு தாளில் அச்சடித்துத் தருவார்கள். என்னிடம் கண்ணாடி போன்ற ஒரு ஷீட் இருக்கும். அதில் சுமையின் உருவம் ஒரு கோடு. அதற்கு வெளியே பத்திரத்துக்கு விட வேண்டிய இடைவெளி ஒரு புள்ளிக்கோடு. ஷீட்டைத் தண்டவாளக் குறியில் பொருத்தி வைத்து, புள்ளிக்கோட்டுக்குள் ஏதாவது நுழைந்திருந்தால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். அவ்வளவுதான். இதற்கு இங்கிலீஷ் வேண்டாம். கண்ணும் பொறுமையும் வேண்டும். பயமில்லாத மனசு ஒன்றும் வேண்டும். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷம் இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு இங்கே வார்ப்படப் பட்டறையில் வேலை கிடைத்து வந்தோம். வந்த நாலாம் வருஷம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. அப்புறம் அவர் வேலைக்குப் போகவில்லை, நான் போனேன். செக்கிங் மேஜையில் நின்றபடியே நாள் முழுக்கச் சட்டையைப் புரட்டிப் புரட்டி அளக்க வேண்டும். கை நீளம், கழுத்துச் சுற்று, பொத்தான் ஓட்டை. தப்பு இருந்தால் சாக்பீஸால் ஒரு கோடு. சரியாக இருந்தால் உள்ளே ஒரு சின்னக் காகிதம் வைக்க வேண்டும். அதில் பதினேழு என்று போட்டிருக்கும். அதுதான் நான். எங்கோ கடல் தாண்டி ஒருவன் புதுச் சட்டையைப் பிரிக்கும்போது பதினேழு கீழே விழும். அவன் அதைக் குப்பையில் போடுவான். பெயர் வைக்கக் கூடாதா என்று ஒரு தடவை மனசுக்குள் கேட்டேன். வெளியே கேட்கவில்லை. லாரி வாசலில் நிற்கும்போது சூப்பர்வைசர் வந்து, "அரை இஞ்சுதானே, விடும்மா" என்பார். நான் பேச மாட்டேன். ஆனால் சாக்பீஸ் கோட்டை அழிக்கவும் மாட்டேன். அவரே துணியை எடுத்து அழித்துக்கொள்வார். ஒரு தடவை அப்படி அழித்து அனுப்பிய பெட்டிகள் மொத்தமும் திரும்பி வந்தன. "பதினேழு யாரு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். கோடு போட்டேன், அழித்தது நான் இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அன்றைக்கு நான் வாங்கிய பேச்சை இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் மாசி மாதம் ஒரு பெரிய வேலை வந்தது. வீடு அளவு இருக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் இந்தப் பாதையில் ரயிலில் போகப்போகிறது, அதற்கு வழி பார்க்க வேண்டும் என்றார்கள். மஞ்சுளாதான் கம்ப்யூட்டரில் புள்ளிகளைச் சுத்தம் செய்தாள். புள்ளிகளில் குப்பை நிறைய வரும். பறக்கிற காக்கை, நடக்கிற ஆள், புகை, எல்லாம் பதிவாகிவிடும். அவற்றைத் துடைத்துவிட்டுத்தான் சுமையை ஓட்டுவார்கள். என்னிடம் இரண்டு தாளும் வரும்: துடைப்பதற்கு முன்னால் ஒன்று, துடைத்த பின்னால் ஒன்று. எழுபத்து இரண்டாம் தாள் வரைக்கும் ஒன்றும் இல்லை. எழுபத்து மூன்று, ஓசூருக்கும் தருமபுரிக்கும் நடுவில் ஒரு சின்ன நிலையத்தின் சரக்குக் கொட்டகை. துடைக்காத தாளில், வலது பக்கம், ஆள் உயரத்துக்கும் மேலே, பானை அளவில் ஓர் உருண்டை அந்தரத்தில் நின்றது. அதன் மேலே ரவை சிந்தியது போலப் பத்துப் பன்னிரண்டு புள்ளி. துடைத்த தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"மஞ்சு, இது என்ன?" என்று கேட்டேன்.

"குப்பை பாட்டி. கொக்கு கிக்கு பறந்துட்டு இருந்திருக்கும்."

"கொக்குக்கு மூக்கும் காலும் இருக்குமே. இது உருண்டையால்ல இருக்கு."

"அப்போ பிளாஸ்டிக் கவரு. காத்துல உப்பிக்கினு போயிருக்கும். நீங்க அடுத்த தாளைப் பாருங்க, சாயங்காலம் கட்டு பெங்களூரு போவணும்."

நான் அடுத்த தாளைப் பார்க்கவில்லை. அந்தத் தாளில் இரண்டு நிறப் புள்ளிகள் இருந்தன. தள்ளுவண்டி போகும்போது எடுத்தது நீலம், திரும்பி வரும்போது எடுத்தது பச்சை. உருண்டையில் நீலமும் பச்சையும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. வண்டி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! அவ்வளவு நேரமும் எந்தக் கொக்கு அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்? எந்தக் கவர் நிற்கும்? இதைச் சொல்ல வாய் வந்தது. மஞ்சுளாவைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

மதியம் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவ மாடிப்படியில் இறங்கினேன். கழுவிவிட்டு நிமிர்ந்தால், எங்கள் அலுவலக வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய். பெரிய தாளில் படம் அச்சடிக்கிற புதுப் பிளாட்டர் மிஷின் வந்த அன்று நாகராஜ் சார் பூஜை போட்டுக் கட்டியது. முழிக் கண்ணும் கோரைப் பல்லுமாக வரைந்திருக்கும். அது கட்டியிருந்த கயிறு மெல்லிசு. கீழே நின்று பார்த்தால் கயிறு தெரியவில்லை. பூசணிக்காய் மட்டும் அந்தரத்தில் நின்றது. கை ஈரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். மனுஷன் எங்கே பூசணிக்காய் கட்டுவான்? பழைய இடத்தில் கட்ட மாட்டான். புதிதாக ஏதாவது கட்டியிருந்தால்தான் கட்டுவான். ஆகாயத்தில் யாரும் கட்டுவதில்லை. அந்த உருண்டை பூசணிக்காய் என்றால் அதற்கு மேலே புதுசாக ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை.

மேலே போய் நாகராஜ் சாரிடம் சொன்னேன். அவர் மாலூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். நம்மோடு தமிழ்தான் பேசுவார். நல்ல மனுஷர். ஆனால் அன்றைக்குக் கட்டு போய்ச் சேர வேண்டிய நாள்.

"பூதுகும்பளகாயியா?" என்று, பூசணிக்காயைக் கன்னடத்தில் சொல்லி, எழுந்தேவிட்டார். "அம்மா, சாஃப்ட்வேர் க்ளியர்னு சொல்லுது. நான் பெங்களூருக்குப் போன் பண்ணி என்னன்னு சொல்லட்டும்? திருஷ்டி சுத்தணும், ரெண்டு நாள் டைம் கொடுங்கன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சுளா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்து, மீதித் தாள்களைப் பார்த்து முடித்துவிட்டு, எழுபத்து மூன்றாம் தாளை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன். நாலு மணிக்குக் கட்டு போட வந்தார்கள். ஒரு தாள் குறைந்தது.

"பேச்சியம்மா, தாளைக் கொடுங்க."

"இல்ல சார்."

"என்ன இல்ல?"

"சரி பாத்தாச்சுன்னு கட்டுல வைக்க மாட்டேன். சரி இல்ல."

அவர் முகம் சிவந்தது. "மஞ்சுளா, எழுபத்து மூணு இன்னொண்ணு ப்ரிண்ட் போடு."

ஒரு நிமிஷ வேலை அது. என் மடியில் இருப்பது வெறும் காகிதம் என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பழைய சாக்பீஸ் கோடு மாதிரி இதையும் அழித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் பதினேழாம் நம்பராக இன்னொரு தடவை கையைத் தூக்கிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. எழுந்து நின்றேன். மூன்று வருஷத்தில் அந்த அறையில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், காலையில நான் போயிப் பாத்துட்டு வாரேன். அங்க ஒண்ணும் இல்லைன்னா நாளையில இருந்து நான் வேலைக்கு வரல. நீங்க போகச் சொல்ல வேண்டாம், நானே போயிருதேன். ஆனா இன்னைக்கு இந்தத் தாளு போகக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. மஞ்சுளா கீபோர்டில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள். அந்தப் புள்ளிகளைத் துடைத்தது அவள். இடித்தால் முதலில் கேட்கப்போவது அவளைத்தான். பிளாட்டர் பக்கம் அவள் போகவே இல்லை. "சார், என் ஸ்கூட்டியில கூட்டினு போயி காட்டிட்டு வந்துடறேன். மத்தியானத்துக்குள்ள வந்துடுவோம். கட்டு நாளைக்குப் போவட்டும்" என்றாள். நாகராஜ் சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மத்தியானம் வரைக்கும்தான். ஒண்ணும் இல்லைன்னா நீங்க சொன்னது சொன்னதுதான் அம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

காலையில் போனோம். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. மஞ்சுளாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டேன். அவள் வழியெல்லாம், "வேலையை விட்டுட்டா இன்னா பண்ணுவீங்க பாட்டி, சாத்தூருக்குப் பூடுவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சாத்தூரில் எனக்கு வீடு இல்லை, அண்ணன் மகன் வீட்டில் ஒரு மூலை இருக்கிறது. ஓசூரில் மகன் வீட்டில் எனக்கு ஒரு மூலை. இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கென்று இருந்தது டயர் கடை மாடியில் ஒரு நாற்காலிதான். அதைத்தான் பந்தயம் கட்டிவிட்டு வந்திருந்தேன்.

நிலையத்துக்காரரிடம் சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தோம். பாதை அங்கே லேசாக வளைந்தது. பார்த்தேன். பூசணிக்காய் இல்லை. மஞ்சுளா என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது, அழாமல் இருக்க. இன்னும் பத்து அடி நடந்தோம். சட்டென்று இரண்டு பேரும் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டோம். கொட்டகையின் பழைய ஓட்டுக்கு முன்னால் புத்தம் புதுத் தகரம், தண்டவாளத்தை நோக்கி நீட்டிக்கொண்டு, வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னியது. அதன் ஓரத்தில் ஒரு கயிறு மட்டும், நுனியில் கருத்துப்போன காம்போடு ஆடிக்கொண்டிருந்தது.

"கயிறு..." என்றாள் மஞ்சுளா. அப்புறம் குனிந்து தகரத்தின் அடிப்பக்கம் பார்த்தாள். அதுவும் மினுமினுத்தது. "லேசரு இதுல பட்டு வேற பக்கம் தெறிச்சிருக்கும் பாட்டி. திரும்பி வந்திருக்காது. வந்த பத்துப் பன்னெண்டு புள்ளியையும் நான் குப்பைன்னு துடைச்சிட்டேன்."

தகரத்தின் நிழலில் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூட்டை ஏற்றி இறக்குகிறவர்கள். ஊத்தங்கரைப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. தலையில் சும்மாடு. அதில் பெரியவள், பெயர் முனியம்மா, எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, தொங்கற கயித்துக்குக் கும்புடு போடறீங்க?" என்றாள்.

"பூசணிக்காய் கட்டியிருந்தீகளா இங்க?" என்று கேட்டேன்.

"தை மாசம் தகரம் போட்ட அன்னிக்குக் கட்டனாங்கோ. அழுவி வுழுந்து பத்து நாளாவுது. என் முதுவு மேலதான் வுழுந்துச்சு." மற்றவர்கள் சிரித்தார்கள். "திருஷ்டி பூராவும் இவளுக்குப் பூடுச்சு" என்றாள் ஒருத்தி.

நான் சந்தோஷப்பட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து மூட்டை தைக்கிற நூலில் கட்டி, ஒரு மூட்டை மேல் ஏறி, தகரத்தின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். சாவி ஆடி நின்றது. அந்த நேருக்குக் கீழே மஞ்சுளா சாக்பீஸால் குறி போட்டாள்; அங்கிருந்து தண்டவாளத்துக்கு டேப் பிடித்தோம். பத்திரத்துக்கு விட வேண்டிய புள்ளிக்கோடு மட்டுமல்ல, சுமையின் கோடே போதாது. வளைவில் தள்ளிக்கொண்டு வரும்போது நாலு விரல் அளவு தகரத்துக்குள் புகுந்துவிடும். அதன் அடியில்தான் இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் அளப்பதைப் பார்த்து முனியம்மா எழுந்து வந்தாள். மஞ்சுளா விஷயத்தைச் சொன்னாள். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"இதப் பிடுங்கிடுவாங்களா?"

"இடிக்குதுன்னு சொல்லணும். சொல்லாம இருக்க முடியாது."

"ஏழு வருசம் வெயில்ல நின்னு கேட்டு வாங்குன நிழலு இது. நீ எந்த ஊரும்மா?"

"ஓசூரு."

"பேச்சு ஓசூரு மாதிரி இல்லியே."

"சாத்தூருப் பக்கம்."

"அப்போ அங்க போயி அளக்கறதுதான? நீ ஃபேனுக்கு அடியில குந்திக்கினு படம் பாக்கற ஆளு. எங்க நிழலப் பிடுங்க இவ்ளோ தூரம் வரணுமா?"

ஃபேன் இல்லை, மார்கழிக் குளிர் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் இன்னும் கேவலம். இந்த ஊரில் என்னை 'உன் ஊருக்குப் போ' என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். குழாயடியில், ரேஷன் கடையில், பஸ்ஸில். அதெல்லாம் எனக்குச் சுடாது. ஆனால் இது சுட்டது. பிழைக்க வந்த ஒருத்தி, பிழைக்க வந்த இன்னொருத்தியிடம் சொன்னது. நான் மறுபடியும் மூட்டை மேல் ஏறினேன். விளிம்பிலிருந்து உள்பக்கமாக டேப்பைப் பிடித்தேன். தகரம் முழுவதையும் எடுக்கத் தேவையில்லை. விளிம்பில் ஒரு முழம் வெட்டினால் புள்ளிக்கோட்டுக்கே இடம் கிடைத்துவிடும். "முழுசா எடுக்க விட மாட்டேன்" என்றேன் முனியம்மாவிடம். அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்தில் இருந்தோம். மஞ்சுளா தான் துடைத்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து, தகரத்தை அளவோடு வரைந்து, சுமையை ஓட்டினாள். எழுபத்து மூன்று சிவந்தது. நாகராஜ் சார் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆய்த்து" என்றார். கன்னடத்தில் 'சரி, ஆச்சு' என்று அர்த்தம். அவ்வளவுதான், மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "இடிக்குதுன்னு எழுதி அனுப்பிடு" என்று மஞ்சுளாவிடம் சொன்னார்.

"சார், ஒரு முழம் வெட்டினாப் போதும்னு அதையும் எழுதணும்."

"அம்மா, இடிக்குதா இல்லையான்னு சொல்றதுதான் நம்ம வேலை. வெட்றதா, எடுக்கறதாங்கறது அவங்க பாடு."

"இடிக்குதுன்னு மட்டும் எழுதினா முழுசையும் பிடுங்கிருவாக. பிடுங்குறது சுலுவு. அந்தப் பொம்பளைக ஏழு வருசம் கேட்டு வாங்கியிருக்காக. எந்த அளவுல இடிக்காதுன்னும் நமக்குத் தெரியுமே சார். தெரிஞ்சதைப் பாதி எழுதினா அது என்ன சரிபார்த்தது?"

இவ்வளவு நீளமாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டேன். அவர் ஒன்றரை அடி வெட்டினால் போதும் என்று இங்கிலீஷில் தானே எழுதினார். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னேன். படித்துக் காட்டினார்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு கட்டம் உண்டு: சரிபார்த்தவர். மூன்று வருஷமாகப் பார்த்தது என் கண். கட்டத்தில் இருந்தது அவர் கையெழுத்து. எனக்கு அந்தப் படிப்பு இல்லையாம். அவர் வழக்கம் போலப் பேனாவைத் திறந்தார். நான் தாளின் மேல் கையை வைத்தேன்.

"இதுல நான் போடுதேன் சார்."

"அவங்க ஒத்துக்க மாட்டாங்க அம்மா."

"ஒத்துக்காட்டி யாருன்னு கேப்பாக. கேட்டா நீங்க சொல்லுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் அவர் பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக, பேச்சியம்மாள் என்று எழுதினேன். கட்டம் சின்னது, 'ள்' கொஞ்சம் வெளியே போய்விட்டது. அவர் ஒரு பெருமூச்சு விட்டு, என் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். இது என்ன எழுத்து என்று பெங்களூரில் கேட்டார்களாம். தாளைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் எழுபத்து நாலாம் தாளிலிருந்து மறுபடியும் அவர் கையெழுத்துதான். இதற்கு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது பாத்திரம் கழுவும்போது இல்லை, நேரிலேயே.

பங்குனியில் ஒரு காலையில் டிரான்ஸ்பார்மர் அந்தப் பாதையில் போயிற்று. எந்தச் சத்தமும் இல்லை, எந்தச் செய்தியும் இல்லை. எங்கள் வேலை சரியாக நடந்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை யார் பேசுவார்கள்? அதனால்தான் நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்காரிக்குக் கம்ப்யூட்டர் ஆபீஸில் என்ன வேலை என்று கேட்கிற நாத்தனாருக்கும், பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இதுதான் வேலை. என்னைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்ல வேண்டாம். கெட்டிக்காரி என்றும் சொல்ல வேண்டாம். பெயரைச் சொல்லுங்கள், போதும்.

வைகாசியில் அண்ணன் பேத்தி கல்யாணத்துக்காகக் காலைப் பாசஞ்சரில் சேலத்துக்கு ஏறினேன். அங்கிருந்து பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று. வேண்டுமென்றே வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அந்தச் சின்ன நிலையத்தில் வண்டி நின்றது. தகரம் இருந்தது. வெட்டிய விளிம்பு கோணல்மாணலாக, இன்னும் துருப்பிடிக்காமல் இருந்தது. வெட்டிய தகரத்தையும் புதுசு என்று நினைத்தார்களோ என்னவோ, சின்னதாக ஒரு பூசணிக்காய் கட்டியிருந்தார்கள். நிழல் குறைந்திருந்தது. முன்பு ஆறு பேர் உட்கார்ந்த இடத்தில் ஐந்து பேர். ஆறாவதாக முனியம்மா பாதி வெயிலில் இருந்தாள். அவள்தான் என்னை முதலில் பார்த்தாள்.

"ஏய், சாவிக்காரம்மா! மறுக்கா அளக்க வந்துட்டியா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பெட்டிக்குள் இருந்தவர்களும்தான். எனக்குக் காது சூடானது. ஆனாலும் கம்பிக்கு வெளியே முகத்தை வைத்துச் சத்தமாகவே சொன்னேன்: "இல்லத்தா, ஊருக்குப் போறேன்!"

"எந்த ஊருக்கு?" என்றாள் அவள். கேலியா, நிஜமாகக் கேட்டாளா, தெரியவில்லை.

வண்டி நகர்ந்துவிட்டது. பதில் வாய் வரைக்கும் வந்து, சாத்தூரா ஓசூரா என்று இரண்டாக நின்றது. ஜன்னல் கம்பிக்கு வெளியே, அன்றைக்கு இடித்த அளவுக்கு, நாலு விரலை மட்டும் நீட்டிப் பிடித்தேன். தகரத்தின் விளிம்பு வந்தது, பூசணிக்காய் வந்தது, முனியம்மாவின் வெயில் பட்ட பாதி முகம் வந்தது. எதுவும் என் விரலில் படவில்லை.